ஏற்றத்தை ஏற்றத்தோடு மடித்தவன்

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அடக்கம் எனக்கு ஒத்துவராது என்று என் மனைவியே சொல்லுவா. ஆதாரத்தோடு சொல்லுகிறேன். என் பழைய லப்டொப்பில், ‘குப்பை’ என்று நானே பெயர் வைத்த இடத்தில், இருபத்தெட்டுக் கோப்புகள் கிடக்கின்றன. ஒரு மனுசியின் நாலு வருட உழைப்பை ஒரேயொரு கழித்தல் கணக்கால் இல்லாமல் ஆக்கிவிட்டு, அதற்கு மேலே ஒரு பகிடியும் விட்டவன் நான். மடையரில் பல வகை உண்டு. பகிடி விடத் தெரிந்த மடையன்தான் ஆபத்தானவன். அவனை எல்லாருக்கும் பிடிக்கும்.

அந்த மனுசி என்னுடைய பட்ச், பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம். கொழும்பில் பௌதிகவியல் படித்த காலத்தில் நான் வெள்ளவத்தை, அவ கொட்டாஞ்சேனை. செய்முறை வகுப்பில் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள். அவ தொட்டால் கல்வனோமானியின் முள்கூட மரியாதையாக நிற்கும். நான் தொட்டால் ஃபியூஸ் போகும். ஆகவே முதல் மாதத்திலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம்: அவ அளப்பா, நான் கணக்குப் பார்ப்பேன். பிறகு வாழ்க்கையும் எங்களை அப்படியே பிரித்தது. அவ குளிர்தேசம் ஒன்றுக்குப் போய், நிலத்துக்குக் கீழே ஒரு ஆய்வுகூடத்தில் அளக்கத் தொடங்கினா. நான் இங்கேயே விரிவுரையாளராகி, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளைக் கடுங்குளிரில் வைத்து அளக்க அவவிடம் இருந்தது போன்ற குளிர்பெட்டி எங்கள் பக்கத்தில் கிடையாது. இருந்திருந்தாலும் நான் அதற்குள் யோகட் வைத்திருப்பேன்.

அவ அளந்த பொருளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பயப்படவேண்டாம், சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

சில பொருள்களுக்கு உள்ளே மின்சாரம் ஓடாது. மேல் தோலில் மட்டும் ஓடும். இடத்தியல் காவலி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தோலில் ஓடுகிற இலத்திரன்கள் விசித்திரமான பிறவிகள். ஒவ்வொன்றும் தன் சுழற்சியை, போகிற திசையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். நேரே திரும்பி வரவேண்டுமானால் சுழற்சியையும் தலைகீழாக்க வேண்டும். அதைச் செய்துகொடுக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே எதிரே அழுக்கு, ஓட்டை, உடைவு எது வந்தாலும் முட்டிக்கொண்டு நேரே திரும்பி வராது. இப்போது அந்தத் தோலுக்குப் பக்கத்தில் ஒரு காந்தக் கல்லை வையுங்கள். அந்தக் கல்லிலும் மின்சாரம் ஓடாது. அது ஒன்றும் கொடுப்பதில்லை, ஒன்றும் வாங்குவதில்லை. சும்மா பக்கத்தில் இருக்கிறது. அது போதும். தோலில் ஓடுகிற இலத்திரன்கள் குணம் மாறிவிடும். திரும்பப் பழகும். ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்படி ஒதுங்குவதைப் பக்கவாட்டில் வைத்த இரண்டு கம்பிகளால் அளக்கலாம்.

அளக்கும்போது வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றி, பிறகு இறக்குவார்கள். கல்லுக்கு ஞாபகசக்தி உண்டு. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பப்பட்டதோ அதை உடனே மறக்காது. ஆகவே கல்லின் செல்வாக்குத் தோலுக்கு உண்மையிலேயே வந்திருந்தால், ஏற்றும்போது ஒரு கோடும் இறக்கும்போது வேறொரு கோடும் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் திறக்கும். வளையம் இருந்தால் கண்டுபிடிப்பு. இல்லாவிட்டால் நாலு வருடம் போச்சு. அவவுக்கு இருந்தது அவ்வளவுதான்: அந்த வளையம்.

அவ வேலை செய்த ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அளப்பவர் மடிக்கக்கூடாது. மடிப்பது என்றால் இதுதான்: பக்கவாட்டுக் கம்பிகள் இரண்டும் ஒருநாளும் சரியாக நேருக்குநேர் இராது. மயிரிழை தள்ளி இருந்தாலும் வேண்டாத மின்னழுத்தமும் கலந்து வரும். அதைக் கழிக்க, நேர்ப் புலத்தில் எடுத்த அளவிலிருந்து எதிர்ப் புலத்தில் எடுத்த அளவைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். கடதாசியை நடுவில் மடித்து ஒரு பாதியை மற்றப் பாதியோடு ஒப்பிடுவது மாதிரி. அளந்தவரே மடித்தால் அவருடைய ஆசை கணக்கை வளைத்துவிடும் என்பது கூட்டத்தை நடத்திய பேராசிரியரின் நம்பிக்கை. ஆகவே தூரத்தில், ஆசை இல்லாத ஒருவன் வேண்டும். அவ என் பெயரைச் சொன்னா. வெள்ளவத்தையில், ரெயில் பாதைக்குப் பக்கத்து ஃபிளாட்டில், சாரத்தைக் கட்டிக்கொண்டு, எந்த ஆசையும் இல்லாமல் நான் இருந்தேன்.

கோப்புகள் வந்தன. அவ போனில் சொன்னா: “ஐசே, ஸ்க்ரீனில வளையம் தெரியுது. மடிக்காததை நம்பக்கூடாது, தெரியும். ஆனா வருது. ஒவ்வொருக்காலும் வருது. கவனமா மடியும்.”

நான் கவனமாக மடித்தேன். ஏறிய கோடும் இறங்கிய கோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாகப் படுத்துக்கொண்டன. வளையம் இல்லை. இருபத்தெட்டிலும் இல்லை. மடிப்பில் கழிந்த மிச்சத்தில், நடுவில் ஒரு சின்னக் கூனல் மாதிரி ஏதோ இருந்தது. கம்பி சரியில்லாததால் வந்த அழுக்கு என்று அதைக் குப்பைக்குள் போட்டேன்.

பிறகு கூட்டத்தில் எல்லாருக்குமாக ஒரு ஈமெயில் எழுதினேன். ‘வளையம் இல்லை’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். முடித்தால் அது நான் இல்லையே. எங்கள் நாட்டில் இப்படி வருவதும் மறைவதுமாக இருப்பதைப் பேய் என்போம், குளிர்பெட்டிக்கு முன்னால் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வெட்டி வைத்துப் பாருங்கள், போய்விடும் என்று எழுதினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அடுத்த நாள் யாரோ உண்மையாகவே ஒரு தேசிக்காயை வெட்டி அவவுடைய இயந்திரத்தின் மேல் வைத்து, படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். படத்தின் ஓரத்தில் அவவுடைய முழங்கை தெரிந்தது. நான் அதை மனைவிக்கும் காட்டினேன். “பாரப்பா, என்ரை பகிடி கடல் தாண்டிப் போயிட்டுது” என்றேன்.

மூன்று கிழமையில் இயந்திரத்தில் அவவுடைய முறையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவ அளந்த, தோலும் கல்லும் சேர்ந்த மெல்லிய படலத்தில் காற்றுப் பட்டு அது கெட்டது. ஒப்பந்தம் முடிந்தது, நீட்டவில்லை. அவ கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிகளில் ஸ்கான் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஒரு கம்பனியில் சேர்ந்தா. பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்தில் சந்தித்தோம். “சுகமா?” என்றேன். “சுகம்” என்றா. நான் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று ஞாபகமில்லை. அவ சிரித்ததாகவும் ஞாபகமில்லை.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம். சில வருடங்களுக்குப் பிறகு வேறு நாட்டில் வேறு ஆட்கள் அதேமாதிரிப் படலத்தில் வளையத்தைக் கண்டு எழுதினார்கள். வாசித்தேன். அவர்களுடைய கல் நல்ல கல்லாக்கும் என்று நினைத்துக்கொண்டு, வடை தின்னப் போனேன்.

போன வருடம் ஒரு நாள் கோட்டைக்கு ஒரு அலுவலாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டியில், வலது பக்கம் ஒரு பாத்திரக் கடை. வாசலில் இடியப்பத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மனைவி இரண்டு மாதமாகக் கேட்ட சாமான். வரும்போது இறங்கி வாங்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். வலது பக்கம் கண்டதை வரும்போது இடது பக்கம் பார்க்கவேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரன்.

திரும்பி வரும்போது இடது பக்க யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தேன். கடை இல்லை. பம்பலப்பிட்டி வந்துவிட்டது. போன் அடித்தது.

“இஞ்சாருங்கோ, தட்டு வாங்கினீங்களோ?”

“கடையைக் காணேல்லையப்பா. போகேக்க இருந்தது. இப்ப இல்லை.”

“கடை எங்க போறது? எந்த றோட்டால வாறீங்கள்?”

“பஸ் வாற றோட்டாலதான்.”

“அட கடவுளே. பஸ் போறது காலி வீதி, வாறது டுப்ளிகேஷன் றோட். ஒருவழிப் பாதை. இவ்வளவு காலம் வெள்ளவத்தையில இருக்கிற மனிசனுக்கு இது தெரியாதே? போன வழியைப் பிடிச்சுக்கொண்டு வந்த வழியில கடை தேடுறார்!”

போனைக் காதில் வைத்தபடி நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. கண்டக்டர், “மாத்தயா, பஹினவத?” என்று இறங்கப் போகிறேனா எனக் கேட்டான்.

ஞாபகசக்தி உள்ள கல்லுக்கு, போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. மடிக்கும்போது ஏற்றத்தின் ஒரு பாதியை இறக்கத்தின் மற்றப் பாதியோடு சேர்த்து மடிக்கவேண்டும். நான் ஏற்றத்தை ஏற்றத்தோடேயே மடித்திருந்தேன். இறக்கத்தை இறக்கத்தோடு. அப்படி மடித்தால் வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தன்னைத்தானே கழித்துக்கொண்டு, மிச்சம் மீதியில்லாமல் மறைந்துவிடும். மறைந்து எங்கே போகும்? கழிந்த பாதிக்குப் போகும். ஒரு கூனலாக. குப்பைக்கு.

வீட்டுக்கு வந்து பழைய லப்டொப்பைத் தூசு தட்டினேன். கடற்காற்றில் அதன் பிணைச்சல் துருப்பிடித்துக் கீச்சிட்டது. மத்தியான வெயில் நல்லாக எறித்தது. பேய்க் கதைக்கு வேண்டிய ஒரு வசதியும் இல்லை. பத்தொன்பதாவது கோப்பைத் திறந்து, ஏற்றத்தை இறக்கத்தோடு மடித்தேன்.

வளையம் மெல்ல வாய் திறந்தது.

அடுத்ததை மடித்தேன். திறந்தது. இருபத்தெட்டையும் மடித்தேன். இருபத்தெட்டு வாய்.

அதோடு விட்டிருக்கலாம். நான் கோப்பின் தலைமாட்டைப் பார்த்தேன். அளக்கும்போது அவ ஒவ்வொரு கோப்பின் மேலும் இரண்டு மூன்று வரி குறிப்பு எழுதுவா. ஆங்கில எழுத்தில் தமிழ். முன்னால் ஒரு அடையாளம் போட்டிருப்பதால் கணக்குப் போடுகிற புரோகிராம் அந்த வரிகளைத் தாண்டிப் போகும். எட்டு வருடத்துக்கு முன்னம் நானும் புரோகிராமைப் போலவே தாண்டிப் போயிருந்தேன். இப்போதுதான் வாசித்தேன்.

‘ஒன்பது: வந்தது.’

‘பத்து: திரும்பவும் வந்தது. கம்பியை மாத்திப் பாக்கிறன்.’

‘பதினாலு: மேல ட்ராம் போகுது, எல்லாம் நடுங்குது. போகட்டும், பொறுக்கிறன்.’

‘பதினஞ்சு: வந்தது. தனிய இருக்கிறன். ஆருக்கும் சொல்லேல்லை.’

‘பத்தொன்பது: வந்தது. வந்துகொண்டே இருக்கு. அவர் மடிச்சா விளங்கும்.’

அந்த நேரம் பார்த்து எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ரெயில் போனது. யன்னல் கண்ணாடி நடுங்கியது. சத்தியமாகச் சொல்லுகிறேன், போகட்டும் என்று நானும் பொறுத்திருந்தேன். ரெயில் போய், கடல் சத்தம் திரும்பி வந்த பிறகும் மவுஸில் வைத்த விரல் அசையவில்லை.

பேய் என்றால் வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், மல்லிகை வாசம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வந்தது வெறும் எழுத்துக் கோப்பாக வந்தது. ஆனாலும் வேலையில் சுத்தம். பல்லுத் தீட்டும்போது ‘வந்தது’ என்றது. வகுப்பில் பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது ‘திரும்பவும் வந்தது’ என்றது. மார்க்கெட்டில் மீன்காரன் தேசிக்காயை நறுக்கென்று இரண்டாக வெட்டி, கையைத் தேய்த்துக் கழுவினான். நான் வாங்கிய பாரை மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மனைவி ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டா: “என்ன, ஒரு கிழமையாப் பகிடி ஒண்டையும் காணேல்லை. காய்ச்சலோ?” விஷயத்தைச் சொன்னேன். “அந்தப் படத்தை எனக்குக் காட்டிச் சிரிச்சனீங்கள்” என்றா. “நானும் சிரிச்சனான்.”

அவவுடைய பழைய பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை அளந்தவருடையது அல்ல, மடித்தவனுடையது. வளையம் அப்போதே இருந்தது. முதலில் கண்டவர் அவ. இதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியப்படுத்த வேண்டும். அனுப்புவதற்கு முதல் அவவிடம் காட்டவேண்டும். காட்டுவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. முதல் ஞாயிறு மழை. இரண்டாவது ஞாயிறு மழை இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது கோயில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவவின் வீடு ஒரு ஒழுங்கைக்குள், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

“ஐசே, நீரே! ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை.”

“செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும்தானே நீர் வாறனீர். எனக்குக் கலியாணம் இல்லை. அதுதான் கேட்டனான். வாரும், இரும்.”

ஒற்றையாகத்தான் இருக்கிறா. மேசையில் ஸ்கான் இயந்திரத்தின் ஏதோ ஒரு பலகையைக் கழற்றிப் போட்டு, திருகுகளை தேநீர்க் கோப்பைச் சோசரில் வரிசையாக வைத்திருந்தா. அந்த வரிசையைப் பார்த்ததும் செய்முறை வகுப்பு மேசை ஞாபகம் வந்தது.

“வேலை எப்படி?” என்றேன்.

“காந்தம்தான். அப்பவும் காந்தம், இப்பவும் காந்தம். போன கிழமை ஒரு ஆள் இரும்புக் கட்டிலோட உள்ள வரப் பாத்தார். கட்டில் தானா நடக்கத் தொடங்கிட்டுது.” சிரிக்காமல் சொன்னா. “என்ன குடிக்கிறீர்? தேசிக்காய் கரைக்கவோ, ரீ போடவோ?”

“ரீ” என்றேன். கொஞ்சம் கெதியாகச் சொல்லிவிட்டேன் போல.

அவ முகத்தில் ஒன்றுமில்லை. ரீ வந்தது. நான் அச்சடித்த வளையத்தின் படத்தையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

“நான் பிழையா மடிச்சிட்டன்” என்றேன். “ஏற்றத்தை ஏற்றத்தோட. வளையம் இருந்தது. இருபத்தெட்டிலயும் இருந்தது. நீர் சொன்னது சரி.”

அவ படத்தை எடுத்துப் பார்த்தா. என்னை ஏசவில்லை. ஏசினால் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒன்றைக் கைவசம் வைத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்ளுகிறேன்.

எழும்பி அறைக்குள் போனா. அலுமாரி திறந்து மூடுகிற சத்தம். மண்ணிறக் கடித உறை ஒன்றோடு வந்து, அதற்குள் இருந்ததை என்னுடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தா.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற வரைபுத் தாள். பென்சிலால், ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குறித்து, ஏற்றத்தை இறக்கத்தோடு மடித்து வரைந்த வளையம். பத்தொன்பதாவது. மூலையில் தேதி, அவ கொழும்புக்கு வந்த அதே வருடம், வேலை ஒன்றும் கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதம். அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘அவர் ஏற்றத்தை ஏற்றத்தோடயே மடிச்சிட்டார்.’

என் படம் கொம்பியூட்டரில் செய்தது. அவவுடையதுதான் சரியாக இருந்தது. ஓரிடத்தில் நான் விட்ட ஒரு புள்ளியும் அதில் இருந்தது.

தாளின் மடிப்புகள் மஞ்சளித்து, பிய்கிற நிலையில் இருந்தன. எத்தனை தரம் விரித்து மடித்திருந்தால் ஒரு தாள் அப்படி ஆகும்? கலியாண மண்டபத்தில் “சுகம்” என்றபோது இந்தத் தாள் அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. நான் பகிடி விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவ கடிதத்தை வாசித்தா. சோசரிலிருந்த திருகுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேனையை எடுத்து ஒரு சொல்லை வெட்டினா. ‘தற்செயலாக நேர்ந்த பிழை’ என்ற பொருளில் எழுதியிருந்தேன். ‘தற்செயலாக’ போய்விட்டது. ‘பிழை’ மட்டும் மிஞ்சியது.

“இப்ப சரி. அனுப்பும்” என்றா.

“அனுப்புறன். இண்டைக்கே அனுப்புறன்.”

ரீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. கீழே ஒழுங்கையில் யாரோ சிங்களத்தில் விலை பேசிக்கொண்டு போனார்கள். எழும்பத்தான் வேண்டும்.

“எட்டு வருசம்” என்றேன். “ஒரு போன் எடுத்திருக்கலாம். ஒரு வரி எழுதியிருக்கலாம். பிழையை அண்டைக்கே கண்டுபிடிச்சிருக்கிறீர். ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவ தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தா.

“நீர் சிரிச்சிருப்பீர்.”